ஜட்ஜய்யா தின்ற பக்கம்

ஜூன் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் புழு எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் உங்கள் மருத்துவமனையின் குதிரைகளும் நலமா?

போனில் பேசினால் அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நீங்கள் சொல்வது எனக்குக் கேட்பதில்லை. நான் சொல்ல நினைத்ததும் மறந்துபோகிறது. அதனால் இனிமேல் போன் வேண்டாம், கடிதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் ஜட்ஜய்யாவைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். நன்றாக இருக்கிறார். கீழே உங்கள் கிளினிக்கை இப்போது நடத்தும் டாக்டர் அக்கா, "ஒரு நாய்க்கு ஏன் இந்தப் பேரு? அதுவும் அவர் இவர்னு மரியாதை வேற!" என்று சிரித்தார். நான் விளக்கினேன். நீங்களும் அம்மாவும் சண்டை போடும்போது அவர் நடுவில் உட்கார்ந்துகொள்வார், யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கடைசிவரை தீர்ப்பு மட்டும் சொல்லமாட்டார் என்றேன். டாக்டர் அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு என் தலையைத் தடவினார். நான் ஒன்றும் சோகமாகச் சொல்லவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். காலையும் மாலையும் பீனோபார்பிட்டோன் மாத்திரையைத் தவறாமல் கொடுக்கிறேன். வலிப்பு வந்து ரொம்ப காலமாகிவிட்டது. கம்பவுண்டர் அண்ணன், "நல்லாத்தானே இருக்காரு, இன்னும் எதுக்கு மாத்திரை? நிறுத்தித்தான் பாரேன்" என்கிறார். நீங்கள் விட்டுப்போன அந்தத் தலையணை மாதிரியான மருந்துப் புத்தகத்தைப் புரட்டினேன். நரம்பு மருந்துகள் அத்தியாயத்தில் ஒரு தாளைக் காணோம். பீனோபார்பிட்டோன் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை ஜட்ஜய்யா குட்டியாக இருந்தபோது தின்றுவிட்டாராமே! அம்மா சொன்னாள். மிச்சமிருந்த வரை படித்தேன். பாதிதான் புரிந்தது.

இன்னொரு செய்தி. பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண் அவளுடைய அப்பாவைப் பார்த்து "அப்பா வந்தாச்சு!" என்று கத்தினாள். நீங்கள் வரும்போது நான் கத்துவேனே, அதே மாதிரி. ஜட்ஜய்யா தூக்கத்திலிருந்து எழுந்து விழுந்தடித்து ஓடி, கேட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டால் வரவில்லை. சோற்றைக் காட்டினாலும் வரவில்லை. கடைசியில் அம்மா மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, அவரை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "இனிமே இந்த வீட்டுல யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது" என்று உத்தரவு.

செப்டம்பரில் வருவதாகச் சொன்னீர்கள். வந்துவிடுங்கள். நானும் கேட் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உட்காரவில்லை அவ்வளவுதான்.

உங்கள் அன்பு மகள்,
புழு

ஜூன் 17

குடற்புழு மருந்துக்கும் அசையாத என் புத்தகப்புழுவுக்கு,

அப்பாவின் அன்பு முத்தங்கள். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். ஒரு மாடு அதன் ஓரத்தை நக்கிவிட்டது. நம் குடும்பத்தில் காகிதத்துக்கு ஆயுசு கம்மி.

கம்பவுண்டரிடம் நான் சொன்னதாகச் சொல்: மாத்திரையை நிறுத்தினால் அவர் காதைத் திருகுவேன். ஜட்ஜய்யாவின் மூளை ஒரு கலாட்டா வகுப்பு என்று வைத்துக்கொள். மாத்திரை அங்கே நிற்கிற கண்டிப்பான டீச்சர். பிள்ளைகள் சத்தம் போடவில்லை, அதனால் டீச்சர் தேவையில்லை என்று ஒருவன் முடிவு செய்து அவரைத் திடீரென்று வெளியே அனுப்பினால் என்ன ஆகும்? முன்பு போட்ட சத்தத்தைவிட இரண்டு மடங்கு சத்தம் போடுவார்கள். அந்த வலிப்பு அடங்காது.

நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முழு மாத்திரையிலிருந்து முக்கால், பிறகு அரை, பிறகு கால். ஒவ்வொரு படிக்கும் நடுவில் நிறைய அவகாசம். மருந்து போய்விட்டது என்பதே மூளைக்குத் தெரியக்கூடாது, அப்படி நழுவவேண்டும்.

இங்கே நேற்று ஒரு குதிரைக்கு வயிற்றில் அறுவை. மயக்க மருந்து கொடுத்தால் கண் திறந்தே இருந்தாலும் பார்வை போய்விடும், கால் மடிந்துவிடும். காது மட்டும் கடைசியில்தான் அடங்கும். அதனால் எங்கள் அறையில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. நான் மட்டும் குனிந்து அதன் காதில் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். "உங்க பாஷை குதிரைக்குப் புரியுமா டாக்டர்?" என்று நர்ஸ் கேட்டாள். "என் சம்சாரத்துக்கே புரியல, குதிரையையா குறை சொல்றது?" என்றேன். (இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.)

செப்டம்பரில் வரப் பார்க்கிறேன் கண்ணு. ஜட்ஜய்யாவின் இரண்டு காதுக்கும் நடுவில் என் சார்பில் ஒரு முத்தம்.

அன்புடன்,
அப்பா

ஜூலை 22

அன்புள்ள அப்பாவுக்கு,

பயப்படாதீர்கள். ஜட்ஜய்யாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை, சத்தியமாக.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என் காலடியில் படுத்திருந்தார். முதலில் ஈ பிடிப்பது மாதிரி காற்றைக் கடித்தார். ஈயே இல்லை. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, நான்கு கால்களாலும் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார். வாயில் நுரை. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி வாய்க்குள் கைவிடவில்லை, நாற்காலிகளை நகர்த்தினேன், தலைக்கு என் பள்ளிச் சட்டையை வைத்தேன். நிற்கவில்லை என்றதும் குளிர்ப்பெட்டியின் மேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன டயஸிபாம் குழலை எடுத்து, வாலைத் தூக்கி, உள்ளே செலுத்தினேன். என் கை நடுங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கால்கள் மெதுவாகின, சக்கரம் ஓய்கிற மாதிரி.

எழுந்ததும் என்னை யாரென்றே தெரியவில்லை அவருக்கு. சுவரில் மோதி, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்தார். மூக்கு சூடாக இருந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் சின்னக் கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு என் கையை முகர்ந்துவிட்டு வாலை ஒரு தட்டுத் தட்டினார். ஞாபகம் வந்துவிட்டது!

டாக்டர் அக்கா ரத்தம் எடுத்திருக்கிறார். மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றார். "உன் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமா?" என்றார். அம்மா, "கேளுங்க, நாயைப் பத்தின்னா உடனே பதில் வரும்" என்றாள்.

அது உண்மைதான் அப்பா. என் கட்டுரைப் பரிசைப் பற்றி ஜூன் கடைசியில் தனியாக ஒரு கடிதம் எழுதினேனே, அதற்கு இன்னும் பதில் இல்லை. பரவாயில்லை.

செப்டம்பரில் வந்துவிடுங்கள். உங்களைப் பார்த்தாலே அவருக்குப் பாதி சரியாகிவிடும்.

உங்கள்,
புழு

ஆகஸ்ட் 16

அன்பு மகளுக்கு,

நீ செய்தது எல்லாம் சரி. படித்துப் பட்டம் வாங்கிய சிலருக்கே குழலைச் செலுத்தும்போது கை நடுங்கும். கட்டுரைப் பரிசுக்கு வாழ்த்து. அதை முதலில் எழுதியிருக்கவேண்டும், மன்னித்துவிடு.

காலையும் மாலையும் ஒன்றரை மாத்திரை கொடு. கொஞ்ச நாள் குடிகாரன் மாதிரி தள்ளாடுவார், நிறையச் சாப்பிடுவார், நிறையத் தண்ணீர் குடிப்பார். பயப்படாதே, பழகிவிடும்.

செப்டம்பரில் லீவு கிடைக்கவில்லை. கோபப்படாதே. வேறொரு சமயம் பார்க்கலாம்.

அப்பா

செப்டம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் இல்லை.

ஜட்ஜய்யாவுக்கு வலிப்பு அடிக்கடி வருகிறது. ஒன்றரை மாத்திரை போதவில்லை என்று நினைக்கிறேன். அடுத்து என்ன மருந்து கொடுக்கலாம்? விவரமாக எழுதுங்கள். அம்மாவுக்கு வேலை அதிகம், டாக்டர் அக்காவிடமும் கூட்டம். அதனால் அவர்களைத் தொந்தரவு செய்யவேண்டாம், எனக்கே எழுதுங்கள். நானே பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் அடிக்கடி எழுதினால் அடிக்கடி மருந்தை மாற்றிப் பார்க்கலாம் அல்லவா?

உங்கள்,
புழு

அக்டோபர் 2

அன்பு மகளுக்கு,

மாத்திரையோடு பொட்டாசியம் புரோமைடும் சேர்த்துக் கொடு. தண்ணீர் மருந்துதான், சாப்பாட்டில் கலந்துவிடலாம். ஒன்றே ஒன்று கவனம்: சாப்பாட்டில் உப்பு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உப்பு கூடினால் மருந்தை உடம்பு வெளியே தள்ளிவிடும். உப்பு பிஸ்கட் திருட்டெல்லாம் இனி கிடையாது என்று ஜட்ஜ் அவர்களிடம் சொல்லிவிடு.

எப்படி இருக்கிறார் என்று எழுது.

அப்பா

அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் மந்திரவாதி! புதிய மருந்தைத் தொடங்கிய அன்றே வலிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. உப்பையும் அளந்துதான் போடுகிறேன்.

ஆனால் முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நீங்கள் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். அளவை மாற்றவேண்டுமா? எவ்வளவு காலம் கொடுக்கவேண்டும்? எனக்கு நிறையச் சந்தேகங்கள் இருக்கின்றன.

அவர் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உங்கள்,
புழு

நவம்பர் 29

அன்பு மகளுக்கு,

மகிழ்ச்சி. அதே அளவு தொடரட்டும். நன்றாகப் படி.

அப்பா

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு முழுத் தாளில் ஒரே வரிதானா! தபால்காரர் சுமந்து வந்ததற்காவது இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

ஜட்ஜய்யாவுக்குப் போன வாரம் மறுபடி வலிப்பு வந்தது. கொஞ்சம் பெரியது. என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்,
புழு

பிப்ரவரி 20

என் கண்ணம்மா,

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஜட்ஜய்யா இல்லை, அல்லவா?

புரோமைடு உடம்பில் நிலைகொள்ளவே மாதக்கணக்கில் ஆகும். கொடுத்த அன்றே வலிப்பு நின்றது என்று நீ எழுதியதைப் படித்ததும், மருந்துக்கடையில் வேறு ஏதோ பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். உன் அம்மா இருக்கிற கடையில் அது நடக்காது. அப்புறம்தான் அந்தப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அவர் தின்ற பக்கம் புரோமைடு பக்கம். நீ எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுவாய். அந்த ஒன்றை மட்டும் படிக்க உனக்கு வழியில்லை.

பிறகு உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜூலையில் அவர் மூச்சில் சின்னக் கதவு கிறீச்சிட்டதை எழுதிய பெண், அதற்குப் பிறகு அவர் தள்ளாடினாரா, தண்ணீர் குடித்தாரா, எங்கே படுத்திருந்தார் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. அக்டோபரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் டாக்டர் அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. நாயைப் பற்றி எழுதிவிட்டால் வேறு எதையும் எழுதவேண்டாம். அந்த வசதியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த வேறு விஷயம் இதுதான். அம்மாவும் நானும் இனி ஒரே வீட்டில் இருக்கப்போவதில்லை. வக்கீல்கள் மூலம் முடிவாகிவிட்டது. உன்னிடம் நானே சொல்கிறேன், யாரும் முந்திக்கொள்ளவேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவள் வாக்குத் தவறவில்லை. நான்தான் சொல்லாமலே இருந்தேன். இங்கேயே வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்போதே, செப்டம்பருக்கு முன்பே.

முடிந்தபோதெல்லாம் எழுதுகிறேன். நீயும் எழுது. இனி நாய் வேண்டாம், உன்னைப் பற்றி எழுது.

அப்பா

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால் வரும்போதெல்லாம் அம்மா பார்ப்பதற்குள் ஓடிப்போய் வாங்கிவிடுவேன். இந்த ஒன்றை மட்டும் நானே அம்மாவிடம் கொடுத்தேன். உங்கள் கையெழுத்து அம்மா ஒருத்திக்குத்தான் ஒரே மூச்சில் படிக்க வரும். படித்துவிட்டு, "செத்துப்போனவருக்கா ரெண்டு பேரும் இத்தனை மாசம் வைத்தியம் பார்த்தீங்க?" என்று கேட்டாள். திட்டவில்லை. கடைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஆகஸ்ட் கடைசியில் போனார். செப்டம்பரில் வரவில்லை என்ற உங்கள் கடிதம் வந்த பிறகு. ஒன்றரை மாத்திரைதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன மாதிரி தள்ளாடினார், நிறையச் சாப்பிட்டார், பக்கத்து வீட்டுச் செருப்பைக்கூடச் சாப்பிட்டார். அதையெல்லாம் உங்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன்.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது வந்தது. குழலைச் செலுத்தினேன், நிற்கவில்லை. கம்பவுண்டர் அண்ணன் அவரைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். டாக்டர் அக்கா ஊசிமேல் ஊசி போட்டார். மருந்து அடக்கும், கொஞ்சம் தெளிந்தால் மறுபடி கால்கள் ஓடும். அம்மா கடையிலிருந்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். "இனிமே எழுப்பினா திரும்பவும் இதேதாம்மா. ஒரேயடியா தூங்க வச்சிடலாமா?" என்று டாக்டர் அக்கா கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "உன் அப்பாவைக் கேக்க நேரமில்லடி. ஜட்ஜய்யா உன் பிள்ளை. நீ சொல்லு" என்றாள்.

நான் சொன்னேன்.

டாக்டர் அக்கா எடுத்த பாட்டிலின் பெயரைப் படித்தேன். பென்டோபார்பிட்டோன். புத்தகத்தில் அந்தப் பக்கம் முழுசாக இருக்கிறது. நான் காலையும் மாலையும் கொடுத்த மாத்திரையும் அதுவும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தையே இவ்வளவு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு உடனே எழுத உட்கார்ந்தேன். "நாயைப் பத்தின்னா உடனே பதில் வரும்" என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நாய் இல்லையென்றால்? அதனால்தான் அப்படி எழுதினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் தெரிந்தேதான் அளவு எழுதினீர்கள்.

நேற்று உங்கள் பழைய கடிதங்களை நானும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜூனில் வந்தது தாளின் இரண்டு பக்கமும் நிறைய. பிறகு ஒரு பக்கம், பிறகு பாதி, பிறகு ஒரு வரி. பதில் வர எடுக்கும் நாட்களும் கூடிவிட்டன. முழு மாத்திரை, முக்கால், அரை, கால். மருந்து போய்விட்டது என்பதே தெரியாமல் நழுவவேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கை பழகிப்போயிருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது அப்பா. நான்தான் எல்லாவற்றையும் படிக்கிறவள் ஆயிற்றே.

அதனால் மிச்சமிருக்கும் கால் மாத்திரையை நானே நிறுத்திவிடுகிறேன். முடிந்தபோதெல்லாம் எழுதவேண்டாம். தபால்காரர் மணியடிக்கும்போது ஓடாமல் இருக்கப் பழகப்போகிறேன். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மா பக்கத்தில் இருக்கிறாள், நாற்காலிகளை நகர்த்திவிடுவாள்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காது கடைசியில்தான் அடங்கும் என்று நீங்கள் எழுதியிருந்தது அன்றைக்கு ஞாபகம் வந்தது. டாக்டர் அக்கா ஊசியைக் கையில் எடுத்ததும், நான் மேஜைமேல் குனிந்து அவர் காதில் வாயை வைத்துக்கொண்டேன். அவருக்குப் பிடித்ததாக எதையாவது சொல்லவேண்டும். அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். அம்மாவைப் பார்த்தேன். சொல்லு என்று தலையசைத்தாள்.

"ஜட்ஜய்யா, அப்பா வந்தாச்சு" என்றேன்.

கண் திறந்தபடியே இருந்தது, அதில் ஒன்றும் இல்லை. கால்கள் அசையவில்லை. ஒரு காது மட்டும் எழுந்து, மெதுவாக, கேட் இருக்கும் பக்கம் திரும்பியது.

உங்கள் மகள்